அத்தியாயம் 7: வீட்டு எண்ணோடு ஓர் ஆபத்துப் பதிவேடு

புணேயை ஒட்டிய சாங்வியின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். தெற்கே முளா ஆறு, கிழக்கே பவனா ஆறு. இரண்டும் தாபோடி அருகே ஒன்று சேர்கின்றன. நடுவில் நாக்கு நீட்டியதுபோலக் கிடக்கிறது பழைய சாங்வி. ஔந்துக்குப் போக ஒரு பாலம், தாபோடிக்குப் போக ஒரு பாலம். ஆற்றைத் தாண்டாமல் வெளியே போக வேண்டுமானால் புது சாங்வி, பிம்ப்ளே குரவ் பக்கம்தான் வழி.

இப்போது அதே வரைபடத்தைத் தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் கண்ணால் பாருங்கள். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் தீயணைப்புத் தலைமையகம் பிம்ப்ரி சந்த் துக்காராம் நகரில் இருக்கிறது. அங்கிருந்து வரும் வண்டி பவனாவைக் கடக்க வேண்டும். ராஹாட்டணி துணை நிலையத்திலிருந்து வந்தால் ஆறு குறுக்கிடாது. புணே மாநகராட்சியின் ஔந்து நிலையம் கூப்பிடு தூரம்தான், ஆனால் நடுவில் முளா. மழை கொட்டி இரண்டு ஆறும் கரைபுரளும் இரவில், எந்த வண்டி எந்த வழியாக வரும்? இதற்கு விடை சொல்லத் தெரிந்தவர் உங்கள் தெருவில் யாராவது இருக்கிறார்களா?

முந்தைய அத்தியாயத்தில் ஒரு கட்டடத்துக்குள் செய்ய வேண்டியதைப் பார்த்தோம். இங்கே ஒரு பேட்டை முழுவதையும், ஓர் ஆண்டுக்கல்ல, ஐந்தாண்டுக்கும் பத்தாண்டுக்கும் சேர்த்துப் பார்க்கப் போகிறோம். இது தீயணைப்புத் துறையின் வேலை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். துறையிடம் வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. மூன்றாவது சந்தின் தரைத்தள வீட்டில் எழுந்து நடக்க முடியாத பாட்டி ஒருவர் இருக்கிறார் என்ற விவரம் மட்டும் அவர்களிடம் இல்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது.

நிமிடக் கணக்கு எங்கே தவறுகிறது

தீயணைப்புக்குத் திட்டமிடுவது என்றால் நெடுங்காலமாக நிமிடங்களை எண்ணுவது என்றே பொருள். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த முறையில் ஊர்ப் பகுதிகளை ஏ, பி, சி, டி என்று கட்டடங்களின் நெருக்கத்தை வைத்துப் பிரித்தார்கள். கடைகளும் அலுவலகங்களும் நெருங்கி நிற்கும் நகர மையம் 'ஏ'. அங்கே ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு வண்டி, எட்டு நிமிடத்துக்குள் மூன்றாவது. சாதாரணக் குடியிருப்பு 'சி'. அங்கே எட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஒரு வண்டி வந்தால் போதும். பார்க்க ஒழுங்கான முறை. ஆனால் இரவில் நகர மையம் காலியாகக் கிடக்கும், மக்கள் 'சி' பகுதி வீடுகளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தீயில் செத்தவர்களில் பெரும்பாலோர் அந்த வீடுகளில்தான் செத்தார்கள். சர் ஜார்ஜ் பெய்ன் தலைமையிலான குழு 2002-இல் இந்த முரணைச் சுட்டிக்காட்டியது. 2004-இல் புதிய சட்டம் வந்தது. கட்டடத்தை விட்டு ஆளைப் பார்த்துத் திட்டமிடத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் இன்று ஒவ்வொரு தீயணைப்புச் சேவையும் குறைந்தது மூன்றாண்டுக்கான சமூக ஆபத்துத் திட்டம் ஒன்றை எழுதி, மக்களின் கருத்தைக் கேட்டு, எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். தீயணைப்பு வீரர்களே வீடு வீடாகப் போய்ப் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துகிறார்கள். முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு முதலில் போகிறார்கள்.

நம் நாட்டில் நகரங்களுக்கு 5 முதல் 7 நிமிடம், கிராமங்களுக்கு 20 நிமிடம் என்ற அளவுகோல்தான் வழிகாட்டுதல்களில் இருக்கிறது. அது தேவையானதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகம் நடத்திய ஒரு சோதனையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு அறைகள். ஒன்றில் பழைய காலத்து மரச் சாமான், பருத்தி மெத்தை. மற்றதில் இன்றைய ஃபோம் சோபா, செயற்கை இழைத் திரை, பிளாஸ்டிக். இரண்டிலும் தீ வைத்தார்கள். பழைய அறை முழுதாகப் பற்றி எரிய 29 நிமிடம் ஆனது. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் வரவேற்பறையில் இருப்பது எந்த சோபா? வண்டி ஐந்தாவது நிமிடத்தில் வாசலில் நின்றாலும் அந்த அறையில் இருப்பவருக்கு அது தாமதம்தான். அதனால் திட்டத்தின் பெரும்பகுதி, வண்டி கிளம்புவதற்கு முன்னால் நடக்க வேண்டியவற்றைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத இடங்கள்

சாங்வி இருக்கும் அதே பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி எல்லைக்குள், 2023-ஆம் ஆண்டின் பிற்பாதியில், சில மாத இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள்.

ஆகஸ்ட் 30, விடியற்காலை. சிக்கலி பூர்ணாநகரில் ஒரு ஹார்டுவேர் கடை பற்றிக்கொண்டது. கடைக்குள்ளேயே தங்கியிருந்த தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் நான்கு பேரும் இறந்துபோனார்கள். பகலில் அந்தத் தெருவில் நடந்து போகிறவருக்கு அது ஒரு கடை, அவ்வளவுதான். ராத்திரி ஷட்டர் இறங்கிய பிறகு அது வீடு. பெயிண்ட், தின்னர், வயர், பிளாஸ்டிக் குழாய் எல்லாம் குவிந்த, பின்வாசல் இல்லாத வீடு.

டிசம்பர் 8. தளவடேயில், பிறந்தநாள் கேக்கின் மேல் பொறி பறக்க எரியுமே, அந்த மெழுகுவத்தி செய்யும் பட்டறை வெடித்து எரிந்தது. ஆறு பேர் அன்றே இறந்தார்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிக்கு வந்த பெண்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவை எந்த ஆபத்துப் பட்டியலிலும் அதற்குரிய பெயரில் இல்லை. கடை என்று எழுதியிருந்த இடத்தில் குடும்பம் இருந்தது. கொட்டகை என்று நினைத்த இடத்தில் வெடிமருந்து இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? இரவு எட்டு மணிக்குக் கடைக்குள்ளிருந்து குக்கர் விசில் கேட்டால் உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். ஆபத்தை அறிந்தவர் ஒருவர், ஆபத்துக்குத் திட்டமிடுகிறவர் வேறொருவர், இருவருக்கும் நடுவில் ஒரு தாள்கூட இல்லை. அந்தத் தாளைத்தான் நீங்கள் எழுதப் போகிறீர்கள்.

பூர்ணாநகருக்குப் பிறகு மாநகராட்சி, கடைகளையும் தொழிற்கூடங்களையும் கணக்கெடுக்க மகளிர் சுய உதவிக் குழுக்களை இறக்கியது. நல்ல முடிவு என்பேன். சீருடைக்காரர் வந்தால் பரணில் இருக்கும் படுக்கையைச் சுருட்டி மறைத்துவிடுவார்கள். அடுத்த தெரு அக்கா வந்து கேட்டால் உள்ளதைச் சொல்லுவார்கள்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 2004 மறக்காது. ஜனவரி 23-இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் பற்றியெரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை 16-இல் கும்பகோணம். பள்ளியின் சமையல் கொட்டகையில் எழுந்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதே கீற்று, அதே குறுகல் படிக்கட்டு, நடுவில் ஆறு மாதம். கும்பகோணத்துக்குப் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. ஸ்ரீரங்கத்துக்குப் பிறகு யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, 'கீற்றுக் கூரைக்குக் கீழே கூட்டமாக ஆட்கள் இருக்கும் இடங்கள் வேறு எங்கெங்கே உள்ளன' என்று எழுதியிருந்தால், முதல் பத்து வரிக்குள் பள்ளிக்கூடம் வந்திருக்கும். இருபதாண்டு கழித்தும் இதை எழுதும்போது மனம் கனக்கிறது. இந்த அத்தியாயம் கேட்பதும் அந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைத்தான்.

டேப்போடு ஒரு நடை

பதிவேட்டை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. நடந்துதான் எழுத வேண்டும். ஞாயிறு காலை நல்லது. வண்டிகளெல்லாம் வீட்டு வாசலில் நிற்கும், சந்தின் உண்மையான அகலம் அப்போதுதான் தெரியும். நான்கு பேர் போதும். ஒருவர் கையில் அளவு டேப், ஒருவர் கையில் நோட்டு, ஒருவர் அந்தத் தெருவிலேயே நெடுநாள் இருப்பவர், ஒருவர் மராத்தி தடங்கலில்லாமல் பேசுகிறவர்.

ஆற்றோரச் சந்து ஒன்றில் நாங்கள் இப்படி நடந்தோம். நோட்டில் சந்தின் அகலம் நான்கு மீட்டர். இரு பக்கமும் பைக் நிற்பதால் மிஞ்சியது இரண்டே கால் மீட்டர். தீயணைப்பு வண்டியின் உடம்பே ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலம். மேலே, சந்துக்குக் குறுக்கே கேபிள் கம்பிகள் கொத்தாகத் தொங்குகின்றன. சந்து முடியும் இடத்தில் வண்டி திரும்ப வழியில்லை. பின்னாலேயே வர வேண்டும். இவ்வளவையும் எழுத எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது.

அந்தச் சந்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கணவரோடு இளம் வயதில் வடார்க்காட்டிலிருந்து வந்தவர். நாங்கள் கேட்காமலே எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுக் காட்டினார்.

"இதோ பாரு தம்பி, சுண்ணாம்பு அடிச்சும் இந்தக் கோடு போகலை. பத்தொம்பதுல இதுவரைக்கும் வந்துச்சு. இருபத்துநாலுல மூணாம் படி வரைக்கும்."

"யாரும்மா முதல்ல வந்து சொன்னாங்க?"

"சொல்றது என்ன, பாய் நனைஞ்சுதுன்னா தெரிஞ்சுக்க வேண்டியதுதான்."

அந்தச் சுவர்க் கோட்டின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து தேதியோடு எழுதிக்கொண்டோம். அதுபோல ஒரு தெருவில் ஐந்தாறு சுவர்கள் கிடைத்தால் அந்தத் தெருவின் வெள்ள வரைபடம் பாதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது ஒவ்வொரு கட்டடத்திலும் மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல சொசைட்டிகளில் அது படிக்கட்டின் அடியில் இருக்கும். அதன் முன்னால் பைக்குகள். இப்போது அதே சுவரில் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டர்கள். மீட்டர் பெட்டியில் பொறி பறந்தால் முதலில் எரிவது அந்த வண்டிகள், புகை ஏறுவது அந்தப் படிக்கட்டு. வேறு படிக்கட்டு கிடையாது என்றால், நான்காம் மாடியில் இருப்பவர் தப்பிக்க வேண்டிய வழியே அவரைக் கொல்லும் புகைபோக்கியாகிறது. என்னைக் கேட்டால், பழைய சாங்வியின் நான்கு மாடிக் கட்டடங்களில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அந்தப் பெட்டியைப் படிக்கட்டிலிருந்து விலக்குவதற்கு அதைச் செலவிடுங்கள். மின்விநியோக நிறுவனமான மகாவிதரணின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, முறைப்படி மாற்றிக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது.

குழாய் எரிவாயு வந்துவிட்ட கட்டடமானால் வெளியே ஏறும் குழாயில் மூடும் வால்வு எங்கே, அதை யார் மூடத் தெரிந்தவர் என்று எழுதுங்கள். சிலிண்டர் என்றால் கசிவு அவசர எண் 1906. இது 101 போலப் பலருக்குத் தெரிவதில்லை. சமையலறைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். மேல்நிலைத் தொட்டி, கிணறு, போர்வெல் ஆகியவற்றில் எதிலிருந்து வண்டி தண்ணீர் எடுக்க முடியும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பால்கனியின் இரும்புக் கிரில்லில் திறக்கும் கதவு உண்டா, அதன் பூட்டுச் சாவி எங்கே தொங்குகிறது என்பதையும் விடாதீர்கள்.

பிறகு ஆட்கள். இதில் கூச்சம் வரும், ஆனால் இதுதான் பதிவேட்டின் உயிர். படுக்கையில் இருப்பவர், ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருப்பவர், காது கேளாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, பகலில் பூட்டிய வீட்டுக்குள் தனியாக விடப்படும் குழந்தை, ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கும் பேயிங் கெஸ்ட் வீடு, மொழி தெரியாத வெளிமாநிலத் தொழிலாளர் தங்குமிடம். பதிவு இப்படி இருந்தால் போதும்: 'சந்து 3, எண் 11, தரைத்தளம். இருவர். ஒருவர் நடக்க முடியாது, தூக்கிச் செல்ல இருவர் வேண்டும். மாற்றுச் சாவி எதிர்வீட்டில். 2019-இல் தண்ணீர் 90 செ.மீ.'

ஒரு கண்டிப்பான விதி. இந்தப் பக்கத்தை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், சாவி எங்கே என்ற விவரம் திருடனுக்கும் உதவும். சம்மதம் கேட்டு எழுதுங்கள். ஒட்டிய உறையில் ஒரு பிரதி சொசைட்டி செயலாளரிடம், ஒரு பிரதி உங்களுக்கு வரும் தீயணைப்பு நிலையத்தின் அதிகாரியிடம். வேறு யாரிடமும் வேண்டாம்.

ஆற்றைப் படித்தல்

சாங்வியில் தீயைவிடப் பேரளவில் ஆட்களை வெளியேற்றுவது ஆறுதான். முளாவின் மேல்பகுதியில் டாடா நிறுவனத்தின் முல்ஷி அணை, பவனாவின் மேல்பகுதியில் பவனா அணை. அணை நிறைந்து, மலையிலும் மழை கொட்டும்போது தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. 2019 ஆகஸ்ட் தொடக்கத்திலும் 2024 ஜூலை 25-ஐ ஒட்டியும் இந்தப் பகுதி ஆற்றோர வீடுகளில் தண்ணீர் புகுந்து, ஆட்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது.

அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கியூசெக் திறப்பு என்று அறிவிப்பு வரும். ஒரு கியூசெக் என்பது நொடிக்கு சுமார் 28 லிட்டர். கணக்கு சரிதான், ஆனால் தரைத்தளத்தில் இருப்பவருக்கு இந்த எண் எதையும் சொல்லுவதில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: என் வாசற்படிக்கு வருமா? வராதா?

இதற்கு ஓர் எளிய அட்டவணையை நீங்களே உருவாக்கலாம். ஒவ்வொரு மழைக்காலத்திலும், இரண்டு அணைகளிலும் எவ்வளவு திறந்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், உங்கள் தெருவின் குறியிட்ட கம்பத்தில் தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தக் கோட்டைத் தொட்டது என்று எழுதுங்கள். கம்பத்தில் அரை அடிக்கு ஒரு கோடு, பெயிண்டால். முதல் ஆண்டு அட்டவணை ஒன்றுக்கும் உதவாததுபோல் தெரியும். ஐந்தாம் ஆண்டில், முல்ஷியில் இவ்வளவு, பவனாவில் இவ்வளவு என்றால் நம் கம்பத்தில் எந்தக் கோடு, எத்தனை மணி நேரத்தில் என்று உங்களால் சொல்ல முடியும். இரண்டு அணையும் ஒரே நேரத்தில் திறந்த நாட்களைச் சிவப்பில் எழுதுங்கள். சங்கமத்தில் ஓர் ஆறு மற்றதன் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும்போது இந்த நாக்குத் துண்டுக்கு இரட்டை அடி. நெடுங்காலத் திட்டம் என்று பெரிய சொல்லால் சொல்வது நடைமுறையில் இப்படி ஒரு கம்பம், ஒரு நோட்டு, ஐந்து மழைக்காலம்தான்.

மகாராஷ்டிர நீர்வளத் துறை ஆறுகளுக்கு இரண்டு கோடுகள் வரைந்திருக்கிறது. 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை நீலக் கோடு. 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை சிவப்புக் கோடு. நீலக் கோட்டுக்குள் கட்டுமானத்துக்குத் தடை, இரண்டுக்கும் நடுவே கட்டுப்பாடு. '25 ஆண்டுக்கு ஒருமுறை' என்பதை '2019-இல் வந்துவிட்டது, இனி 2044-இல்தான்' என்று படிக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் 25-இல் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். ஒரு வீட்டுக் கடனை அடைக்கும் இருபது ஆண்டுக்குள் ஒருமுறையாவது அது வருவதற்குப் பாதிக்கும் மேல் வாய்ப்பு உண்டு. வீடு வாங்கப் போகிறீர்களா? விலையைக் கேட்கும் முன்னால், நகர அமைப்புப் பிரிவில் இந்தக் கோடு எங்கே போகிறது என்று கேளுங்கள். 2025 மே 17-இல், இந்திராயணி ஆற்றின் நீலக் கோட்டுக்குள் சிக்கலியில் கட்டியிருந்த 36 பங்களாக்களை மாநகராட்சி இடித்துத் தள்ளியது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கியவர்கள் கண் முன்னால் அது நடந்தது. அந்தக் கோடு வரைபடத்தில் முன்பே இருந்தது.

வெளியேறும் வரிசையை மழைக்கு முன்பே எழுதிவிடுங்கள். கம்பத்தின் முதல் கோட்டில் ஆக்சிஜன் இயந்திர வீடும் படுக்கையில் இருப்பவர் வீடும் காலியாக வேண்டும். இரண்டாம் கோட்டில் பார்க்கிங்கில் இருக்கும் வண்டிகள், லிஃப்டின் மின்சாரம் நிறுத்தம். மூன்றாம் கோட்டில் தரைத்தளம் முழுவதும். வண்டிகளை முதலில் காப்பாற்ற ஓடும் பழக்கம் நம்மிடம் உண்டு. காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

எதை முதலில் செய்வது

பதிவேடு நிரம்பியதும் ஒரு மலைப்பு வரும். எழுபது, எண்பது ஆபத்துகள் வரிசையாக நிற்கும். தீயணைப்புச் சேவைகள் உலகெங்கும் செய்வது, ஒவ்வொன்றுக்கும் 'எத்தனை முறை நடக்கும்', 'நடந்தால் எவ்வளவு இழப்பு' என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவது. நீங்களும் போடுங்கள். ஆனால் அதோடு நிற்காமல் இன்னொன்றையும் கேளுங்கள்: தப்பிக்க எத்தனை வழி?

குப்பைத் தொட்டியில் தீ மாதம் ஒருமுறை வரலாம். முறைக்கு ஐந்து, இழப்புக்கு ஒன்று, பெருக்கினால் ஐந்து. ஷட்டர் கடைக்குள் தூங்கும் குடும்பத்துக்குத் தீ இருபதாண்டில் ஒருமுறைகூட வராமல் போகலாம். முறைக்கு ஒன்று, இழப்புக்கு ஐந்து, பெருக்கினால் அதே ஐந்துதான். எண் இரண்டையும் சமமாகக் காட்டுகிறது. ஆனால் முதலாவதிலிருந்து தப்பிக்க நான்கு பக்கமும் திறந்திருக்கிறது, இரண்டாவதற்கு ஒரு ஷட்டர்தான். தப்பிக்க ஒரே வழி உள்ள இடங்களையெல்லாம் மதிப்பெண் பார்க்காமல் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோங்கள். இது என் தீர்மானம். பூர்ணாநகர் இதைத்தான் சொல்லுகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மகாராஷ்டிரத் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம், 2006-இன்படி, தீத்தடுப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டிய கட்டடங்களின் உரிமையாளர் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அவை வேலை செய்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் 'பி' படிவச் சான்று வாங்கித் தர வேண்டும். சொசைட்டியின் பொதுக்குழுவில் இந்தப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். பம்பு ஓடுகிறதா, ஹோஸ் பெட்டியில் ஹோஸ் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். பித்தளை முனை காணாமல் போன ஹோஸ் பெட்டிகளை நான் பலமுறை பார்த்துவிட்டேன். தீயணைப்பு என்பது அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணைப்படி நகராட்சிக்கு உரிய பணி. எனவே மாநகராட்சியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. உங்கள் பதிவேட்டின் சுருக்கத்தை, பெயர்கள் இல்லாமல், மண்டல அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

செலவு குறைந்தவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். பேட்டரியில் ஓடும் புகை எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறைக்கு வெளியே மாட்டுங்கள். சமையலறையில் மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் அலறும், வீட்டிலிருப்பவர் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார். சமையலறைக்கு வெப்பத்தை உணரும் கருவி தனியாகக் கிடைக்கிறது. பாட்டி இருக்கும் வீடுகளுக்கு முதலில்.

ஐந்தாண்டுக் கணக்கில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் ஆண்டு நடப்பதும் எழுதுவதும். இரண்டாம் ஆண்டு மீட்டர் பெட்டிகளும் ஒற்றை வழி இடங்களும். மூன்றாவதில் சந்தின் ஒரு பக்கத்தைப் பார்க்கிங் இல்லாத பக்கமாக அறிவிக்கப் போக்குவரத்துக் காவல்துறையோடு பேசுவது. இதற்குத்தான் அதிகச் சண்டை வரும், இரண்டாண்டு இழுத்தாலும் விடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14-இல் தொடங்கும் தீயணைப்பு வாரத்தில் நிலைய அதிகாரியை அழைத்து, உண்மையான வண்டியை உங்கள் சந்துக்குள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகின் கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் பலர் உயிர்விட்டதன் நினைவாகத்தான் அந்த வாரம் வருகிறது. வண்டி எந்தப் பைக்கில் இடித்து நிற்கிறது என்று தெரு முழுக்கப் பார்க்கட்டும். நூறு சுற்றறிக்கை செய்யாததை அந்தப் பத்து நிமிடம் செய்யும்.

குடியிருப்பவர் மாறுவார், பாட்டி ஊருக்குப் போவார், கடை கைமாறும். அதனால் ஆட்கள் பக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். 'பி' படிவம் வரும் ஜனவரி, ஜூலை மாதங்களையே இதற்கும் வைத்துக்கொண்டால் மறக்காது.

பருவமழை ஜூன் இரண்டாம் வாரத்தையொட்டிப் புணேக்கு வந்துவிடுகிறது. ஆற்றோரச் சந்துகளின் முதல் பக்கம் மே 31-க்குள் எழுதி முடிந்திருக்க வேண்டும். அளவு டேப் முப்பது ரூபாய்க்கும் கிடைக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள்.